வெள்ளாற்றின் எதிர்த்திசையில் ஒரு பகல்

கடலூரும் சிதம்பரமும் ஆறுகள் முடியும் நிலத்தில் அமைந்த ஊர்கள். தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரை ஒட்டியும், வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், கொள்ளிடம் அதற்குத் தெற்கேயும் கடலில் கலக்கின்றன. இவ்வாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டலின் மேல்தான் இவ்வட்டாரத்து வயல்களும் தெருக்களும் கோபுரங்களும் நிற்கின்றன. அருவி ஒன்று உண்டாவதற்குக் கடும்பாறையும், அப்பாறை திடீரென்று படியிறங்கும் இடமும், அப்படிக்கு மேலே நீரைத் தேக்கி மெல்ல விடும் காடும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றுகூட இல்லாத சமவெளியில் வாழ்பவர்கள் அருவியைக் காண வேண்டுமானால், தம் ஊர் ஆற்றை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து மேற்கே செல்ல வேண்டும். அவ்வாறு செல்பவர்களுக்கு ஒரே பகலில் போய்த் திரும்பும் தொலைவில் கிடைப்பது கல்வராயன் மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலை, வடக்கே சவ்வாது மலைக்கும் மேற்கே சேர்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் இடையில் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கும் இதன் பெரும்பகுதி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், எஞ்சியது சேலம் மாவட்டத்திலும் அடங்கும். மலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருநிறக் கடும்பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்தபோது இப்பெயர் இடப்பட்டது. அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது என்பது தமிழ்நாட்டார் அறிந்துவைத்துக்கொள்ளத்தக்க செய்தி. எளிதில் கரையாத இப்பாறையில் நீர் பள்ளம் தோண்டுவதற்குப் பதிலாக விளிம்பைத் தாண்டி விழுகிறது என்பதே இம்மலையில் அருவிகள் பல இருப்பதற்குக் காரணம்.

இம்மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வேப்பூரை அடுத்த நல்லூரில் கூடுகின்றன. கூடிய நீர் மணிமுத்தாறு என்ற பெயரிலேயே விருத்தாசலம் கோயிலின் அருகே ஓடி, வெள்ளாற்றில் சேர்ந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தேங்கி, புவனகிரியைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. ஆகவே, சிதம்பரத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம், வேப்பூர் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் செல்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அருவி நீர் வந்த வழியிலேயே ஏறத்தாழத் திரும்பிச் செல்கிறார். கடலூரிலிருந்து செல்பவருக்குப் பண்ணுருட்டி, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழி நெருக்கமானது. எவ்வழியாயினும் கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வட்டத் தலைமையிடமான வெள்ளிமலையை அடைய மேலும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். போக மட்டும் நான்கு மணி நேரம், திரும்ப நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால், ஒரு பகலில் எட்டு மணி நேரம் சாலைக்கே சென்றுவிடுகிறது என்ற உண்மையிலிருந்துதான் திட்டமிடல் தொடங்க வேண்டும்.

இங்கே சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு பொருந்தும். வழிகாட்டிப் பலகைகளும் செய்தித்தாள்களும் ‘நீர்வீழ்ச்சி’ என்று எழுதுகின்றன. அது ஆங்கிலச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பெயர்த்துச் செய்த புதுச்சொல். மலையிலிருந்து இடையறாது ஒழுகும் நீருக்குத் தமிழில் சங்ககாலந்தொட்டு ‘அருவி’ என்ற சொல் இருக்கிறது. குற்றாலத்தில் மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீழ்ச்சி என்பது கெட்டுப்போவதையும் குறிக்கும் சொல்லாகையால், இக்கட்டுரை பழைய சொல்லையே ஆள்கிறது.

எந்த அருவி என்பது அடுத்த கேள்வி. கச்சிராயபாளையம்–வெள்ளிமலைச் சாலையிலுள்ள பெரியார் அருவி, வண்டியை நிறுத்தியவுடன் கண்ணில் படுவது. முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது, ஆனால் நடைப்பயணம் என்று சொல்லத்தக்கதன்று. மேகம் அருவிக்கு வண்டி செல்லாது; கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் நடந்தே அடைய வேண்டும் என்பதால், நடைக்கென்றே புறப்படுவோரின் இலக்கு பெரும்பாலும் அதுவாக இருக்கிறது. மலையின் தெற்கு அடிவாரத்தில், ஆத்தூரை அடுத்துள்ள ஆனைவாரி முட்டல் அருவி வனத்துறையின் சூழல் சுற்றுலாத் தலம். ஏரியும் படகும் உண்டு, நடை குறைவு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கொல்லிமலையின் ஆகாயகங்கைக்கு ஒரே நாளில் போய்வர எண்ணுவோரும் இருக்கிறார்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அவ்வருவி இவற்றைவிடக் கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீசுவரர் கோயிலருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையும் ஏறி, அன்றிரவே சிதம்பரம் திரும்புவது பயணமாகாது, தண்டனையாகும். அதற்கு ஓரிரவுத் தங்கல் வேண்டும்.

இடத்தை முடிவுசெய்தபின் முதலில் கவனிக்க வேண்டியது அனுமதி. மலைப்பகுதியின் பெரும்பரப்பு ‘காப்புக்காடு’ என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அரசு எல்லை வகுத்து அறிவித்த காடு. பொதுச்சாலையை விட்டு விலகி அதற்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். இது வெறும் காகிதச் சட்டமாகப் பலகாலம் கருதப்பட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்த பிறகு நிலைமை மாறியது. அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்து, கடினத்தின் அளவுக்கேற்ப அவற்றைப் பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளுடன் இணையவழி முன்பதிவு செய்யும் திட்டத்தையும் தொடங்கியது. அப்பட்டியலில் இல்லாத பாதையில் செல்ல விரும்புவோர் உரிய வனச்சரக அலுவலகத்தை முன்கூட்டியே அணுகிக் கேட்பதே முறை. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. அதன் பின் தேர்வு முடிந்த கோடை விடுமுறைக்கு இப்பயணத்தை வைத்துக்கொண்டாலும் காய்ந்த பாறையைத்தான் காண நேரும்.

அனுமதிக்கு அடுத்தது வழியறிதல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 215 அடி உயரமுள்ள டகானக் அருவியைச் சுற்றி மாநிலப் பூங்கா ஒன்று உண்டு. அங்கே பாதைகளுக்கு வரைபடமும், வழிநெடுகப் பலகைகளும், பாறைச் சரிவுப் பாதைகளைப் பனிக்காலத்தில் மூடும் ஏற்பாடும் இருக்கின்றன. வருபவர் எவரையும் கேளாமலே நடந்து திரும்பலாம். கல்வராயன் மலையில் பலகையின் இடத்தை மனிதர் நிரப்புகிறார். மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். கேரளத்தோடு தொடர்பற்ற இப்பெயர் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளுடையது. 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இம்மலை இருந்தது. ஜாகீர் என்பது ஆட்சியாளர் அளித்த நிலவருவாய் உரிமை. சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் ஆகியவை மலையின் விளைபொருள்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததையொட்டி, காய்ச்சும் மலை என்ற ஒற்றை அடையாளத்தோடு கல்வராயன் பெயர் செய்திகளில் அடிபட்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் எட்டாத சிற்றூர்கள் அங்கே இருப்பதை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அருவிக்கு வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரை அழைத்துச் சென்று, அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது பாதுகாப்புக்கும் நல்லது, மரியாதைக்கும் உகந்தது.

பருவம் பற்றிய முடிவே இத்திட்டத்தின் மிகக் கடினமான பகுதி. தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியில் பெய்யும் மாலைநேர இடிமழையாலும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையாலும் இம்மலையின் அருவிகள் உயிர்பெறுகின்றன. செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை நீர் உண்டு. அருவி அழகாக இருக்கும் நாளும் ஆளைக் கொல்லும் நாளும் ஒரே பருவத்தில், சில வேளைகளில் ஒரே நாளில் அமைகின்றன என்பதே சிக்கல். 2021 அக்டோபரில் ஆனைவாரி முட்டல் அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில், கைக்குழந்தையுடன் பாறையில் சிக்கிக்கொண்ட தாய் ஒருவரை இளைஞர்கள் கயிறு கட்டி மீட்டதும், மீட்டவர்களில் சிலரே நீரில் விழுந்து நீந்திக் கரையேறியதும் காணொளியாக நாடெங்கும் பரவின. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் பள்ளி மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது.

இவ்வகை வெள்ளம் ஏன் எச்சரிக்கையின்றி வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஓர் அருவிக்கு நீர் தரும் மேட்டுநிலப் பரப்பை அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். அது பத்தே சதுர கிலோமீட்டர் என்று கொண்டாலும், அங்கே 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுந்த நீர் 50 கோடி லிட்டர். சமவெளியில் இம்மழையை வயலும் ஏரியும் வாங்கிக்கொள்ளும். மண் மெலிந்து பாறை தெரியும் சரிவில் அதில் பாதி நிலத்தில் இறங்காமல் ஓடையில் பாய்ந்தாலே, 25 கோடி லிட்டர் நீர் சில மணி நேரத்துக்குள் ஒரு குறுகிய பாறை விளிம்பை வந்தடைகிறது. அவ்வேளையில் அருவியடியில் வெயில் காயலாம். மேலே பெய்த மழையின் ஓசைகூடக் கீழே கேட்காது. நீர் நிறம் மாறிக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது ஆகிய மூன்றும் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடைமைகளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையைக் கடந்து வண்டி நிற்கும் கரைக்குப் போய்விடலாம் என்ற எண்ணமே பலரை மாட்டிவிடுகிறது. நீர் வடியும்வரை ஏறிய கரையிலேயே காத்திருப்பதுதான் வழி.

ஆகையால் புறப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது கடலூர் வானத்தையன்று, மலையின் வானத்தை. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக நிற எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒரு நாளில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர்வரை பெய்தால் கனமழை, அதற்குமேல் 20.4 சென்டிமீட்டர்வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை என்பது அத்துறையின் வகைப்பாடு. கள்ளக்குறிச்சி, சேலம் ஆகிய இரு மாவட்டங்களில் ஒன்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலும் அன்று அருவிக்குப் போகாதிருப்பதே அறிவுடைமை. இன்னொரு குறிப்பு செய்தித்தாளிலேயே கிடைக்கும். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை 46 அடி ஆழமுடையது. மலையின் பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஓடைகள் அதை நிரப்புகின்றன. அணைக்கு நீர்வரத்து கூடியது, உபரிநீர் திறக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் மலையில் ஓடைகள் நிரம்பி ஓடுகின்றன என்று பொருள். அச்செய்தியைப் படித்த ஆர்வத்தில் மறுநாளே கிளம்புவோர்தாம் அதிகம். மழை விட்டு மூன்று நான்கு நாள் கழிந்து, அணைக்கு வரும் நீர் குறைந்தது என்ற செய்தி வந்தபின் செல்பவர்களுக்குத் தெளிந்த நீரும் நிலையான அருவியும் கிடைக்கும்.

இனி நேரம். மலை நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் அறியாத கடலூர்க் கால்களுக்குப் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலும், உச்சிக்கு ஏறும் பயணத்துக்கு நேர்மாறாக, அருவிக்குப் போகும் பாதை பெரும்பாலும் முதலில் இறங்குகிறது. உற்சாகமும் குளிர்ந்த காலை நேரமும் இறக்கத்துக்குச் செலவாகிவிட, உண்ட களைப்பும் நனைந்த உடையும் உச்சி வெயிலும் சேர்ந்த வேளையில் ஏற்றம் வந்து நிற்கிறது. எடுத்துக்காட்டாக, 3 கிலோமீட்டர் நடையும் 200 மீட்டர் இறக்கமும் உள்ள பாதையில் போவதற்கு ஒரு மணி நேரம் போதும். திரும்புவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

நவம்பரில் இப்பகுதியில் மாலை 5.40 மணியளவில் கதிரவன் மறைகிறான். பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டுகிறது. கொண்டையூசி வளைவுகளை வெளிச்சத்திலேயே கடந்து இறங்க வேண்டும், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடும் என்ற இரண்டையும் மனத்தில் வைத்து நாளைப் பின்னோக்கிக் கட்டினால், மாலை 4 மணிக்கு மலையிறக்கம், 2 மணிக்கு வண்டியருகே இருத்தல், 12.30 மணிக்கு அருவியை விட்டுப் புறப்படுதல் என்று அமைகிறது. அருவியடியில் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் 9.30 மணிக்கு நடை தொடங்க வேண்டும். அதற்கு விடியற்காலை 5 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். குழுவில் ஒருவர் குளித்து முடிக்கவில்லை என்பதற்காக 12.30 என்ற கெடுவைத் தள்ளிப்போடுவதில்தான் பெரும்பாலான பயணங்கள் சீர்குலைகின்றன. 12.30 மணிக்குள் அருவியை அடையாவிட்டாலும், எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்தே திரும்ப வேண்டும் என்பதும் இக்கெடுவில் அடங்கும்.

எடுத்துச்செல்லும் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் நீர், அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி, ஒரு மாற்றுடை, கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், ஒரு விசில் ஆகியவை போதும். ஈரப்பாறையில் ரப்பர்ச் செருப்பு எமன். பாசி படர்ந்த பாறையில் வெறுங்காலும் நிற்காது. உணவில் மட்டும் உள்ளூர் அறிவு கைகொடுக்கும். தயிர்சாதம் நடுப்பகலுக்குள் புளித்துவிடும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த சிதம்பரத்துச் சம்பா சாதம் கட்டுச்சோற்றுக்கென்றே பிறந்தது போன்றது. அதன் இணையான கொத்சுவைப் பாத்திரம் கவிழாமல் கொண்டுபோவதுதான் கடினம். வாழையிலையில் கட்டிச் சென்றால் திரும்பச் சுமக்கக் குப்பையும் இல்லை. 2019 ஜனவரியிலிருந்து மாநிலமெங்கும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

அருவியின் நேர் அடியில் தேங்கும் குளத்தை மதிப்பிடுவதில் சமவெளியார் தவறுகின்றனர். கடலிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்க்கு அது சிறு குட்டையாகத் தோன்றும். விழும் நீர் பாறையைக் குடைந்து ஆழமாக்கியிருப்பதோடு, மேற்பரப்பில் உள்ளதை அடிக்கு இழுத்து மீண்டும் அருவியை நோக்கியே சுழற்றும் இயல்புடையது. காற்றுக் குமிழ்கள் நிறைந்த நீரில் உடல் மிதக்கும் திறனும் குறைகிறது. முழங்காலளவு நீர் ஓடும் ஓரத்தில் நின்று குளிப்பதே போதுமான இன்பம். மதுவருந்தியவரை நீரருகே விடக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டிய நிலை இருப்பது வருந்தத்தக்கது.

பாம்புக் கடியோ எலும்பு முறிவோ நேர்ந்தால், கள்ளக்குறிச்சியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மலையின் பல இடங்களில் கைப்பேசி இணைப்புக் கிடைப்பதில்லை என்பதால், 108 எண்ணை அழைப்பதற்கே யாராவது மேலேறிச் செல்ல நேரிடும். எனவே குழுவில் நால்வருக்குக் குறையாமல் இருப்பது நல்லது: ஒருவர் அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடிச் செல்லலாம். வீட்டிலிருப்பவரிடம் எந்த அருவி, எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் செய்தி வரும் என்று சொல்லிவிட்டு வருவதும் இதன் பகுதியே. புதரில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள் கடிப்பதால் ஒருவகைக் காய்ச்சல் வருவதுண்டு. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

இத்தனையும் ஆயத்தமான பிறகு முந்தின இரவு எச்சரிக்கை வெளியாகிப் பயணம் கைவிடப்படுவது நவம்பரில் அரிதன்று. அந்நாளை வீட்டிலேயே கழித்துவிட்டு, மழை ஓய்ந்து இரண்டொரு நாள் சென்றபின் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்குச் சென்றால், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் கடல்நீருக்கு நடுவே செம்பழுப்பான பட்டை ஒன்று கிழக்கே நீண்டு கிடப்பதைக் கரையிலிருந்தே காணலாம். சில நாள்களுக்கு முன் கல்வராயன் மலையின் பாறை விளிம்புகளைத் தாண்டி விழுந்த நீர் அதில் கலந்திருக்கிறது.